அரைப்பேர்

இன்றைக்கு அரைப்பேர் போதும் என்று
கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.
"வீட்டில் யாருக்கும் காய்ச்சலா?"
"மேக்கணக்குக்கும் பணியக்கணக்குக்கும் மேட்ச்."
காதிலிருந்த பென்சிலை எடுத்து
என் பேரைப் பாதியாக்கினார்.

இடுப்புப் படங்கை அவிழ்க்கவும் நேரமில்லை.
குறுக்குப்பாதை, ஓடை, ஏற்றம்,
அப்புறம் என் இடம்:
கருப்பந்தைல மரம் வெட்டிய அடிக்கட்டை.
பதினோரு வருசமாக
அதில் வேறு யாரும் ஏறியதில்லை.
அட்டைக்குச் சவுக்காரம் பூசிய கால்களோடு
நான் ஏறி நின்றால்
ரெபரி வெலிங்டன் மாஸ்டர் விசிலைத் துடைப்பார்.

மைதானம் என்றால் டவுன்காரன் சிரிப்பான்.
ஒரு கோலுக்கும் மறு கோலுக்கும்
ஓர் ஆள் உயரம் இறக்கம்.
டாஸ் வென்றவன் மேட்டைத்தான் கேட்பான்.
கோடு, மலைக்குப் போட வந்த டொலமைட்.
வலை, லீக்ஸ் மூட்டையைப் பிரித்துத் தைத்தது.
பந்து ஒன்று.
அது தேயிலைக்குள் போனால்
இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து நிற்க
பொடியன்கள் வாது முறியத் தேடுவார்கள்.
ஓடைக்குள் போனால்
பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு வரலாம்.

எங்கள் சென்டர் பார்வர்ட் டிலக்சன்
கொழும்பில் ஜவுளிக்கடையில் நிற்கிறான்.
இரவு பஸ்ஸில் வந்து
வந்த காலோடு இறங்கினான்.
ஒரு வருசம் சாரி விரித்துக் காட்டியவனுக்குக்
கால் மறந்திருக்குமோ என்று பயந்தேன்.
கால் மறக்கவில்லை.
மூச்சுத்தான் மறந்துவிட்டது.

"லெப்டில விடுடா, லெப்டில!
செபமாலை சும்மா நிக்கிறான்!"
முன்னால் நின்ற ஆம்பிளைகள்
திரும்பிப் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.
செபமாலை சும்மாதான் நின்றான்.

பணியக்கணக்குக் கோலி பத்மசீலனை
எனக்குப் பிடிக்காது.
என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்து
ஒன்பது ரொட்டி தின்றுவிட்டுப்
பதில் சொல்லாமல் போன வீடு அது.
அதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள்.
இருக்கிறது.

இடைவேளைக்கு ஒன்றுக்குப் பூச்சியம், அவர்களுக்கு.
மேடு மாறியது.
கோர்னரில் டிலக்சன் தலையால் ஒன்று போட்டான்.
ஒன்றுக்கு ஒன்று.
நான் கட்டையிலிருந்து விழுந்தேன்,
யாரோ தூக்கிவிட்டார்கள், யாரென்று பார்க்கவில்லை.

அப்போது இறங்கியது பனிமூட்டம்.
பங்களாவை விழுங்கி, ஸ்டோர்ப் புகைக்கூண்டை விழுங்கி,
கீழ்க்கோலையும் பத்மசீலனையும் சேர்த்து விழுங்கியது.
மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார்.
ஆறு நிமிசம்தானே, ஆடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு காதால் பார்த்தோம்.
பூட்ஸ் சத்தம் அவர்கள்,
வெறுங்கால் சத்தம் நாங்கள்:
எங்கள் ஆட்களில் ஏழு பேருக்குப் பூட்ஸ் இல்லை.
வெறுங்கால் ஓடியது.
வெறுங்கால் நின்றது.
ஓர் அடி,
ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி.
அப்புறம் ஒன்றுமில்லை.

வெள்ளைக்குள்ளிருந்து செபமாலை வந்தான்,
"கோல், கோல்" என்று.
பின்னாலேயே பத்மசீலன்,
"அவுட், சாமி சத்தியமா அவுட்" என்று.
இரண்டு பேர் கையிலும் பந்தில்லை.
மாஸ்டர் என்ன செய்வார்?
பந்து கிடைத்தால் தீர்ப்பு என்றார்.
இருட்டும்வரை தேடினார்கள்.
டிலக்சன் பஸ்ஸுக்கு ஓடினான்.

செவ்வாய்க்கிழமை
கீழ்க்கோலுக்குப் பின்மலையில் கொழுந்து.
மூன்றாவது நிரையில்
தூருக்குள் கை விட்டேன், கிடைத்தது.
நிமிர்ந்து பார்த்தேன்.
வலப்பக்க மரத்துக்கு வெளியே,
நன்றாக எட்டு அடி வெளியே.
வலையில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.
பத்மசீலன் ஒன்பது ரொட்டிக்கும் சேர்த்து
அன்றைக்கு ஓர் உண்மை சொல்லியிருக்கிறான்.

பந்தைக் கொழுந்துக்கு அடியில் போட்டுத்
தராசுக்குக் கொண்டுபோனேன்.
முள் கொஞ்சம் கூடவே காட்டியது.
அன்றைக்கு முழுப்பேர்.

எங்கே கிடந்தது என்று கேட்டார்கள்,
இரண்டு கணக்கு ஆட்களும் கூடி நின்று.
"கோலுக்கு நேர் பின்னால்."
"அளந்தா பார்த்தாய்?"
"பதினோரு வருசமாப் பார்க்கிறேன்"
என்றேன்.