வட்ட ஓட்டை

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில்
அரிசிக்குச் சீட்டு, கோழிக்குச் சீட்டு, மாட்டுக்கும் சீட்டு.
வெள்ளை ஈக்கு யாரும் சீட்டுப் போடவில்லை.
கிழக்கேயிருந்து வந்தது என்றார்கள் முதலமடையில்,
மேற்கேயிருந்து வந்தது என்றார்கள் ஆனைமலையில்.
அது ஓலைக்கு அடியில் உட்கார்ந்து
இரண்டு மாநிலத்துச் சாற்றையும் குடித்தது.

குடித்த மிச்சம் தேனாய்ச் சொட்டியது.
தேன் விழுந்த மட்டையில் பூசணம் பிடித்துக்
கரியாகப் படர்ந்தது.
கொடியில் காய்ந்த மகனின் பள்ளிச் சட்டை
அடுப்புத் துடைத்த துணியாயிற்று.
ஒன்றின் கழிவு இன்னொன்றின் சோறு என்பதை
அன்றைக்குத்தான் நான்
சோப்புப் போட்டுப் படித்தேன்.

மரம் நூற்று நாற்பது.
சங்கத்தில் பதினெட்டாயிரம் கடன் வாங்கி
நூற்று முப்பத்திரண்டுக்கு மருந்து பீய்ச்சினேன்.
மீதி எட்டைத் தொடவிடவில்லை செல்லன்.
“கள்ளு குடிச்சவன் செத்தா
ஜெயிலுக்கு ஆரு போவா, அக்கா?”
குத்தகைப் பணத்தை முன்னமே வாங்கிச்
செலவும் செய்திருந்தேன்.
வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ஓலை கண்ணாடி மாதிரி.
ஐம்பதாம் நாள்
மருந்து குடித்த மரமெல்லாம் மாவில் புரண்டதுபோல் வெள்ளை,
முன்னைவிட வெள்ளை.
கள்ளு மரத்தில் ஈ இல்லை என்றால் பொய்.
இருந்தது. அடங்கி இருந்தது.

தினம் இரண்டு வேளை ஏறுகிற செல்லன்
ஒரு கீற்றை இடுப்பில் செருகி இறங்கினான்.
கிருஷிபவன் ரெஜீனாவின் லென்ஸை வாங்கி
நானே பார்த்தேன்.
ஈயின் கூட்டுத்தோல்
குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்திருந்தால்
ஈ பறந்திருக்கிறது.
வட்டமாய் ஓட்டை விழுந்திருந்தால்
உள்ளேயிருந்து வேறொருத்தி வந்திருக்கிறாள்.
குளவி. கடுகில் பாதி இருக்கமாட்டாள்.
ஈக்குஞ்சின் உடம்பில் முட்டையாய்க் கிடந்து
அதையே தின்று
கதவு வைத்துக்கொண்டு வெளியேறியவள்.

எண்ணினேன்.
கள்ளு மரத்துக் கீற்றில் நூற்றுக்கு எழுபத்தொன்று வட்டம்.
மருந்தடித்த மரத்தில் ஒன்று, அதுவும் பழசு.
கூலி கேட்காத ஆட்களைக்
கடன் வாங்கிக் கொன்றிருக்கிறேன்.

அப்புறம் மகனின் ஸ்டேப்ளரை எடுத்து
கருத்த கூடுள்ள கீற்றைத் துண்டு துண்டாய் நறுக்கி
எட்டு மரத்துக்காரிகளை
நூற்று முப்பத்திரண்டு வீட்டுக்குக் குடிவைத்தோம்.
கரி படிந்த மட்டைக்குத் தண்ணீர் பீய்ச்சினோம், வெறும் தண்ணீர்.
வேலியோரம் இரண்டு மரத்து ஈயை
ஒன்றும் செய்யாமல் விட்டேன்.
ஈ அடியோடு தீர்ந்தால் குளவி எங்கே முட்டை வைப்பாள்?
அவற்றுக்கு விதைநெல் என்று பேர்.
செல்லன் சிரித்தான். சிரிக்கட்டும்.

எல்லைக்கு அந்தப்புறம் ஆறுச்சாமி தோப்பு.
அங்கே கள்ளும் இல்லை, கள்ளு மரமும் இல்லை.
தையில் அவர் மருந்தடித்தால்
கிழக்குக் காற்று அதை என் தோப்பில் கொண்டுவந்து கொட்டும்.
காற்றுக்கும் சீட்டு கிடையாது.
போன் போட்டேன்.
“உங்க குளவிக்கு நான் நட்டப்படோணுமாக்கு?” என்றார்.

ஒரு பை நிறையக் கீற்றோடு நானே கிளம்பினேன்.
செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.
“எந்தா சஞ்சியில்?”
“குளவி.”
போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார்.
பிரித்துக் காட்டினேன்: ஓலைத் துண்டு, கரும்புள்ளி.
என் முகத்தைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார்,
நோட்டில் ‘ஓலை, ஒரு பை’ என்று எழுதிக்கொண்டார்.

இந்த வெட்டில் மரத்துக்கு ஏழு காய்.
முன்பு பதினான்கு.
கடனில் இன்னும் பதினோராயிரம் நிற்கிறது.
சட்டையில் இன்னும் இரண்டு மூன்று கரும்புள்ளி விழுகிறது.
துவைத்தால் போகிற அளவுதான்.

ஆறுச்சாமி வரப்போரத்து ஒரு வரிசைக்கு மட்டும்
மருந்தை நிறுத்தியிருக்கிறார்.
பன்னிரண்டு மரம்.
“பாக்கலாமுங்க” என்றார், பையை வாங்கும்போது.
அவர் வீட்டில் ஸ்டேப்ளர் இல்லை.
என்னுடையதை விட்டுவிட்டு வந்தேன்.