இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள்

பத்ஹாவில் வெளியேற்ற முத்திரை விழுந்தது.
குவைஃபாத்தில் நுழைவு முத்திரை இன்னும் விழவில்லை.
நடுவில் கிடப்பது சில கிலோமீட்டர்தான்,
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.
மீட்டர் நாலாயிரத்து நூறைத் தாண்டியபோது
வண்டியை ஓரங்கட்டினேன்.
டீசல் முள் அசையவில்லை.
சிலா ஊரின் தண்ணீர்த் தொட்டி உச்சியில்
அதே சிவப்பு விளக்கு
அதே உயரத்தில்.

"எஞ்சினை அணைச்சிடுங்க, சத்தமாவது மிச்சம்"
என்று தமிழ்க் குரல்.
பிரிசில்லா. மார்த்தாண்டம். நர்ஸ்.
குவைத்திலிருந்து தப்பி ஓடிய பேருந்தில் வந்தவள்.
தொண்ணூறாம் வருஷத்து ஆகஸ்ட்
அவளுக்கு இன்னும் முடியவில்லை.
குல்ஸமான், பழைய பெட்ஃபோர்டு லாரிக்காரன்,
ஏற்றி வந்த தர்பூசணி இன்றும் அழுகவில்லை.
அதுதான் பயம் என்பான்.
அப்புறம் ஸாலிம், முத்துக் குளிப்பவன்,
மூக்கில் மாட்டும் ஆமையோட்டுக் கவ்வி கழுத்தில் தொங்க.
அவன் வந்தபோது இங்கே எல்லையே கிடையாதாம்.
எல்லைதான் பின்னால் வந்து
அவனைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

சுவர் இல்லை. முள்வேலி இல்லை.
எந்தப் பேரேட்டிலும் பெயர் நிற்காதவனுக்கு
எதற்கு வீண் செலவு?
அசர் நேரம் கழிந்ததும்
ஆளில்லாத வெள்ளை லேண்ட் குரூசர் வரும்.
தலைக்கு ஒரு ஹாரன்.
நான் வந்த அன்று பதினொன்று அடித்தது.
பதினொன்றாவது நான்.
பாஸ்போர்ட்டில் முத்திருளன்.
இங்கே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"உன் வண்டியில் என்ன?"
கதவுகள் என்றேன்.
தம்மாமிலிருந்து அல் ஐனுக்கு,
புது வில்லாக்களுக்கு,
இருநூற்றுப் பன்னிரண்டு, நிலையோடு சேர்த்து.
யாரும் பேசவில்லை.
ஸாலிம் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

ஒவ்வொன்றாக மணலில் நட்டோம்.
ஸாலிம் மூச்சை அடக்கி முதல் கதவில் நுழைந்தான்.
அந்தப் பக்கம் வந்தான், அதே மணல்.
குல்ஸமான் ஒவ்வொரு கதவுக்கும்
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தான்.
ஐம்பத்து மூன்றாவதில் அழுதான்,
ஐம்பத்து நான்காவதில் மறுபடி கழற்றினான்.
பிரிசில்லா குளியலறைக் கதவுகளாகப் பார்த்துத் திறந்தாள்,
முப்பத்தாறு தடவை.
தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்று நினைத்தாளாம்.

நான் எதையும் திறக்கவில்லை.
பதினாறு வருஷமாகக் கதவு ஏற்றி இறக்குகிறவன்.
கதவு வெளியே போகத்தான் என்று
யார் சொன்னது?
"சாவி மூட்டையை எடுங்க" என்றேன்.

நாற்பது கதவுகளை நெருக்கி நட்டோம்
பக்கத்துக்குப் பத்து.
இடுக்குகளில் தார்ப்பாய்க் கிழிசல்.
மேலே குறுக்காக இன்னும் கொஞ்சம்.
பதினொரு பேரும் உள்ளே.
நாற்பது பூட்டையும் உள்ளிருந்து பூட்டினோம்.
இருட்டு.
யாரோ தர்பூசணி வெட்டினார்கள்.
இத்தனை காலமும் வெயிலில் பரப்பி வைத்த எங்கள் உடம்புகளுக்கு
ஓரம் கிடைத்தது, மூலை கிடைத்தது,
முதுகு சாய்க்க ஒரு பக்கம் கிடைத்தது.
சிறையை வெளியே நிறுத்திப் பூட்டியாயிற்று.

அசர் கழிந்தது.
வண்டி வந்து நின்றது.
ஹாரன் இல்லை.
ஒருமுறை சுற்றியது, திரும்பவும் சுற்றியது,
எஞ்சின் எதையோ முனகியது.
பிறகு
கதவு தட்டும் சத்தம்.

மெதுவாக. மூன்று தடவை.
காத்திருந்து மறுபடி.

ஸாலிமின் மூச்சு என் தோளில்.
இந்த மண்ணில் யாரும்
எங்களிடம் அனுமதி கேட்டதில்லை.

பிரிசில்லா வாயில் பழத்தோடு சொன்னாள்:
"பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு கேளுங்க."

குல்ஸமான் சிரித்த சிரிப்பில்
நாற்பது கதவும் ஆடின.