கட்டைவிரல்

ஏற்காட்டில் ஒரு கடைக்குக் கொலுசு கொடுத்துவிட்டு
இறங்கிக்கொண்டிருக்கிறோம்.
பதினொன்றாவது கொண்டை ஊசியில் காது அடைத்தது.
மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினேன்.
'வாந்தியாக்கா?' என்று
ஒரு கையால் பிளாஸ்டிக் பை நீட்டினான் பச்சமுத்து.

இல்லைப்பா.
இது கோஸோ தீவில் கற்றது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி நிறுக்கிறவள் நான்.
அரை கிராம் இடித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.
அங்கே கார்மெனு என்று ஒருவன்
என்னைக் கண்ணாலேயே எடை போட்டு
'ஆறு கிலோ' என்று
இடுப்பில் ஈயம் கட்டிவிட்டான்.
இருபது மாதச் சீட்டுப் பணம்,
முங்குவதற்கு!
ஆறு கிலோ வெள்ளியாக இருந்திருந்தால்
எத்தனை ஜோடி வரும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே போனேன் கீழே.

முதலில் செத்தது சிவப்பு.
என் நகச்சாயம்
எட்டு மீட்டரில் வறுத்த காப்பிக்கொட்டை.
தில்ஷாத்தின் உதடு சாம்பல்.
கடற்புல் ஒரு பக்கம் சாய்ந்து,
யோசித்து,
மறுபக்கம் சாய்ந்தது.

பதினாலில், பாறை இடுக்கில்,
ஒரு பேய்க்கணவாய்.
பார்க்கப் பார்க்கப் பாறையானது.
மனசு மாறித் திரும்பத் தானானது.
பிறகு ஒரு கையை நீட்டிச் சிப்பி ஓடு ஒன்றை இழுத்து,
மத்தியானக் கடைக்குப் பாதி ஷட்டர் போடுகிற மாதிரி
வாசலைச் சாத்தியது.
சிரித்ததில் வாயெல்லாம் உப்பு.
சூப்பர் என்று சொல்ல
கட்டைவிரலை உயர்த்தினேன்.

தண்ணீருக்குள் அதற்கு
'மேலே போகலாம்' என்று அர்த்தம்.
வகுப்பில் மூன்று தடவை சொன்னதுதான்.

கார்மெனு ஏன் என்று கேட்கவில்லை.
வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன்,
பயந்துவிட்டாள் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தான்.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தினான்.
காலுக்கடியில் நான் பார்க்காத கடல்
அவ்வளவும் திறந்து கிடந்தது.
படகில் ஏறியதும் தில்ஷாத்:
'மால்டாவரைக்கும் வந்து
தம்ஸ்அப் காட்டுறியேடி!'

டப்.
காது திறந்தது.
பிரேக்கின் கிரீச்சும் சில்வண்டும்
ஒரே நேரத்தில் உள்ளே வந்தன.
காற்று கனத்து, வெதுவெதுத்தது.
வளைவுக்கு அப்பால், ஆழத்தில்
சேலம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

'இப்பப் பரவால்லையாக்கா?'
விரல் தானாக உயர்ந்தது.
பச்சமுத்து சிரித்தான்.
கியரை மாற்றினான்,
இறங்கிக்கொண்டே இருந்தான்.