மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு

பிரமாணப் பத்திரத்தில் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள்:
பால், அரிசி, பள்ளிக் கட்டணம், வேன், மருந்து.
ஹேமலதா மேடம் சொன்னார்,
"கூட்டியும் போடாதே, குறைச்சும் போடாதே.
அந்தப் பக்க வக்கீல் வரி வரியா கேப்பார்."
பாலுக்கு ஆயிரத்து நானூறு எழுதினேன்.
கேட்டார்.
"ஒரு குழந்தை அத்தனை பாலா குடிக்கும்?"
குடிக்கிறாள் ஐயா.
ராத்திரி எழுந்து இன்னொரு டம்ளர் கேட்கிறாள்.
அதற்குச் சாட்சி நான் மட்டும்தான்.

லோகநாதனின் பத்திரம் மெலிந்திருந்தது.
அண்ணன் மகனின் மொபைல் கடையில் உதவியாள்,
மாதம் பன்னிரண்டாயிரம்,
சொத்து இல்லை, சேமிப்பு இல்லை,
முதுகுவலி உண்டு.
மேடம் அவன் பேங்க் கணக்கை நீட்டினார்:
ஐந்தாம் தேதி தவறாமல்
வண்டிக் கடனுக்கு எட்டாயிரத்து நானூறு.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மிச்சம் மூவாயிரத்து அறுநூறு.
வீட்டு வாடகை எவ்வளவு?"
"ஒன்பதாயிரம்" என்றான், யோசிக்காமல்.
எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.
ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்,
அவனுக்குக் கணக்கு வராதென்று
கோர்ட்டு சொல்லியா தெரிய வேண்டும்.

என் பதிமூன்றாயிரமும் கணக்கில் ஏறியது.
பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ், காலர் தைக்கும் வரிசை.
எனக்கு ஒன்றுமில்லை.
பிள்ளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு,
மனு போட்ட நாளிலிருந்து.

அது இருபத்திரண்டு மாதம்.
வந்தது பதினெட்டாயிரம்.
பாக்கி ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
மளிகைக்கடை பாய் அதைப் படித்துப் பார்த்துவிட்டு
பத்திரமா வெச்சுக்கோம்மா என்றார்.

நிறைவேற்று மனுவுக்குப் பிறகு வாரண்டு.
ஏட்டு ருத்ரப்பா ஸ்ரீராம்புரம் போய்வந்து
மூன்று சொல்லில் எழுதித் தந்தார்:
மனெ பீக ஹாக்கிதெ.
வீடு பூட்டியிருக்கிறது.
அதே ஞாயிறு அந்த வீட்டு மொட்டைமாடியில்
அவனுடைய நீலக் கட்டம் போட்ட லுங்கி
காய்ந்துகொண்டிருந்தது.
லுங்கியைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை.

வாய்தா நாளில் பஸ் எனக்கு இலவசம்,
கண்டக்டர் பூஜ்யம் போட்ட டிக்கெட் தருவார்.
கம்பெனியில் ஐந்நூறு பிடிப்பார்கள்.
இருபத்து மூன்று வாய்தா.
பெருக்கிப் பார்த்த தாளை
ரோஷினியின் வாய்ப்பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன்.
இந்தக் கட்டம் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

இரண்டாம் வாரண்டுக்கு வந்து நின்றான்,
முழுக்கைச் சட்டை, சவரம் செய்த முகம்.
"உள்ளே அனுப்பச் சொல்கிறாயா?" என்று
நீதிபதி என்னைப் பார்த்தார்.
முப்பது நாள் உள்ளே இருந்தால்
பாக்கி தீராதாம்.
அவன் சம்பளம்தான் தீரும்.
மொபைல் கடை பொய் என்பதும்
பீனியாவில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில்
முப்பத்தெட்டாயிரம் வாங்குகிறான் என்பதும்
அன்றைக்குத்தான் வெளியே வந்தது.
வேண்டாம் சார், சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லுங்க என்றேன்.
வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனவன்
ரோஷினி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

முதல் பிடித்தம் ஒரு வியாழக்கிழமை வந்தது.
போனை லாக்கரில் பூட்டிவிட்டுத் தைக்கிறவர்கள் நாங்கள்,
சாயங்காலம்தான் பார்த்தேன்.

செருப்புக் கடையில் அவள் பாதத்தை அளந்தார்கள்.
மனு எழுதியபோது ஒன்பதாம் நம்பர்.
இப்போது பன்னிரண்டு.
உத்தரவு இன்னும் ஒன்பதிலேயே நிற்கிறது.
உயர்த்திக் கேட்க வேறொரு மனு போடணும்
என்றார் மேடம்.

"காசு யாரும்மா அனுப்பினது?"
போனைக் காட்டினேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
சௌடேஸ்வரி டிரான்ஸ்போர்ட்.
"நல்லவங்களா? அவங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லும்மா."

சொல்கிறேன்.
அடுத்த ஐந்தாம் தேதி வரட்டும்.