உச்சிக்குழி

மூன்றாவது படத்தில் மின்சாரம் போனது.
பனிப்பாறைமேல் நின்ற வெள்ளைக் கரடி
சுவரிலிருந்து மறைந்தது.
போகட்டும்.
துர்பத்தில் அதற்கு உறவினர் யாரும் இல்லை.

ஜூலை. பேரீச்சை பழுக்கிற வெயில்.
பழத்துக்குச் சூடு வேண்டும் என்பார்கள் இங்கே.
எவ்வளவு என்று சொன்னதில்லை.

மேசையில் ஆறு மாதக் குழந்தைப் பொம்மை,
கராச்சியிலிருந்து பஸ் கூரையில் வந்தது.
முழங்கையில் ஒட்டிய பிளாஸ்டர் இளகித் தொங்குகிறது.
மாணவிகள் வைத்த பெயர் ஷாஹ்தாத்.
"வயிற்றுத் தோலைக் கிள்ளி விடு. மெல்லத் திரும்பினால்?"
"நீர் குறைஞ்சிருக்கு, மிஸ்."
"உச்சிக்குழி?"
துர்னாஸ் விரல் வைத்துப் பார்த்தாள்.
ஷாஹ்தாதின் உச்சிக்குழி உள்வாங்காது.
அவனுக்கு வியர்க்காது, நாக்கு உலராது.
ஐந்து வருடமாக எந்த வகுப்பிலும் அவன் சாகவில்லை.

பாடத்தில் இருந்ததைச் சொன்னேன்:
சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும்.
வெயில் கூடக்கூட வார்டில் முதலில் நிரம்புவது
தொட்டில்கள்.
எழுதிக்கொண்டார்கள்.
எழுதியது உள்ளங்கை வியர்வையில் கலைந்தது.
பிறகு, முதலுதவி, ஒன்று:
குழந்தையைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்று.

"எந்த இடம், மிஸ்?"

பானடி. கடைசி பெஞ்ச். கேள்வி கேட்கிறவள் இல்லை.
பதில் இருக்கிறதென்றுதான் வாயைத் திறந்தேன்.
வீடு? தகரம்.
வார்டு? ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும்.
மர நிழல்? நிழலிலேயே நாற்பத்தெட்டு.

அவளே சொன்னாள்,
ஷாஹ்தாதின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு,
எங்கள் முகம் பார்க்காமல்.
போன அறுவடையில் அக்கா மகளுக்குக் கண் செருகியது.
தோப்பிலிருந்து கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிள்.
ஏடிஎம் அறைக்குள் நுழைந்துவிட்டாள்,
ஏசி ஓடுகிற, பூட்டாத ஒரே அறை.
ஈரத் துப்பட்டாவில் பிள்ளையைச் சுற்றிவிட்டு,
கேமராவுக்காக
இல்லாத கார்டின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாளாம்.
காவலாளி திட்டினார். கார்டைக் காட்டு என்றார்.
பிள்ளையைப் பார்த்ததும்
வெளியே நின்று கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்,
குளிர் போகாமல்.
நாற்பது நிமிடம்.
"தரையிலேயே மூத்திரம் போனா மிஸ்.
அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு."

வகுப்பு சிரித்தது. நானும்தான்.
கரும்பலகையில் 'குளிர்ந்த இடம்' என்று எழுதி
கீழே ஏடிஎம் என்று எழுதினேன்.
ஐஸ் கிடங்கு என்றாள் துர்னாஸ்.
காரேஸின் வாய் என்றாள் இன்னொருத்தி.
அது வற்றிவிட்டது என்றார்கள் மூன்று பேர். அடித்தேன்.
தேர்வில் இதையெல்லாம் எழுதாதீர்கள் என்று
சொல்லியிருக்க வேண்டும்.

மாலை, சம்பளம் எடுக்கப் போனேன்.
காவலாளி கதவை விடவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால்
இரண்டு பெண்கள், மூன்று குழந்தைகள்.
"பணம் தீர்ந்துபோச்சு, மிஸ்" என்றார்.
"குளிர் இருக்கு."