தளை தட்டும் கால்

பனி இறுகிய முற்றத்தில்
ஸ்காத்தாவை ஓடவிட்டுக் காட்டினான் தூரே.
இரண்டிரண்டாய் விழுந்த குளம்பொலியில்
ஓரிடத்தில் தளை தட்டியது.

ராக்ன்ஹில்டு மண்டியிட்டாள்.
மயிரை மழித்து, அயோடின் தேய்த்து,
பஞ்சு வெள்ளையாய்த் திரும்பும்வரை தேய்த்து
ஊசியை மூட்டுக்குள் இறக்கினாள்.

தேன்போல் இழைய வேண்டிய நீர்
தண்ணீராய்ச் சொட்டியது கையுறையில்.
விரலிடையே இழுத்துப் பார்த்தாள்.
நூல் வரவில்லை.

மருந்து போனது.
குதிரை மூக்கால் அவள் தொப்பியைத் தள்ளிற்று.

"மார்ச்சில் எஸ்டர்சுண்ட் பந்தயத்தில் ஓடுமா?"

"ஓடும். வலி தெரியாது, அதுதான் பயம்.
எலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான்.
போதும் என்று சொல்ல
இனி அந்தக் காலுக்கு வாயில்லை, தூரே.
உனக்கு இருக்கிறது."

அவன் கடிவாளத்தைக் கழற்றினான்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு
மறுபடி மாட்டினான்.