கைமாற்று

செவ்வாய் இரவு பத்தேகாலுக்கு
வட்ஸ்அப்பில் வந்தது கடிதத்தின் படம்.
சரிவாக எடுத்திருந்தார்கள்;
ஓரத்தில் செயலாளரின் பெருவிரல்.

இத்தால் அறியத்தருவது யாதெனில்
கொம்பனித்தெரு வெள்ளிக்கொடிக் கழகத்தின்
இடதுபுறப் பின்வரிசை வீரர் செ. அமலதாஸ்,
மோதரை நங்கூரக் கழகத்தின்
கோல்காப்பாளர் மு. நிஹ்மத்துக்கும்
பாவித்த புல்லு வெட்டும் மெஷின் ஒன்றுக்கும்
மாற்றீடாக வழங்கப்படுகிறார்.

வழங்கப்படுகிறார்.
சான்றிதழ் வழங்கப்படும்.
வெள்ள நிவாரணம் வழங்கப்படும்.
இடைவேளையில் குளிர்பானம் வழங்கப்படும்.

கீழே மூன்று கையெழுத்து.
நாலாவதுக்கு இடம் இருந்தது,
அதில் ரப்பர் முத்திரை குத்தியிருந்தது.

பழைய சோனகத் தெரு இரும்புக்கடையில்
பகலெல்லாம் நான் பில் எழுதுகிறவன்.
ஒரு குழாய் முழங்கையை மாற்றிக் கொடுக்கவும்
ஒப்பம் வாங்க வேண்டும் எங்கள் முதலாளிக்கு.
வாங்கியவரின் ஒப்பம்தான்,
முழங்கையின் ஒப்பம் அல்ல.
சரி.

சனிக்கிழமை சப்பாத்தை எடுக்கப் போனேன்.
லொறியிலிருந்து மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
மைதானக்காரர் பியதிஸ்ஸ
கயிற்றை மூன்று தரம் இழுத்தார்.
புகை. இருமல். பிறகு ஓடியது.
அலகைத் தடவிப் பார்த்தார்,
எண்ணெய்க் குச்சியை வேட்டியில் துடைத்துப் பார்த்தார்,
செயலாளர் ஜவ்ஸி மாஸ்டர் கேட்டார்:
'மேட்டில ஏறுமா? கேட்டுப் பார்.'
அதையும் கேட்டார்கள்.

என்னைக் கண்டதும் தோளில் கை வைத்தார்.
'கழகத்துக்கு நல்லது, தம்பி.
உனக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்தது யார்?'
பொய்யில்லை.
பதினாறு வயது, எனக்கு ஏழு, அது ஒன்பது,
முன்னால் பேப்பர் அடைத்துக்கொண்டு ஓடினேன்.
கடதாசி இல்லாமல் தருவார்களே கைமாற்று,
அதுவும் அப்படித்தான் போல.
தந்த காசைத் திருப்பிக் கேட்கலாம், மாஸ்டர்.
காலையே எடுத்துக்கொண்டு போய்
அடுத்த வீட்டில் கைமாற்றாய்க் கொடுக்கலாமா?
இதை நான் சொல்லவில்லை.
'ஓம் மாஸ்டர்' என்றேன்.

கொம்பனியின் தெரு.
எந்தக் கொம்பனி என்று சின்னதில் யோசித்ததில்லை.
இங்கிலீசில் இன்னும் சிலர்
அடிமைகளின் தீவு என்பார்கள்.
பந்து காலில் இருக்கும்போது
ஒரு பெயரும் தட்டுப்பட்டதில்லை.

ஆமர் வீதிச் சந்தியில் நிஹ்மத்தைக் கண்டேன்.
அவன் அங்கே போக, நான் இங்கே வர,
நடுவில் ஒரு தேத்தண்ணிக் கடை.
அவன் சொன்னான்: மோதரையில் இடது மூலை பள்ளம்,
மழைக்குப் பந்து அங்கேயே படுத்துவிடும்.
நான் சொன்னேன்: ஐந்து மணிக்குக் கவனம்,
புது மாடிக்கட்டடக் கண்ணாடியிலிருந்து
வெயில் திரும்பி வந்து கண்ணில் குத்தும்,
கோர்னர் அடிக்கிறவனுக்கு அது தெரியும்.

விடியச் நாலு மணிக்கு அவனுக்கு மீன் வாடியில் வேலை.
இனி பயிற்சிக்கு இரண்டு பஸ்.
'மெஷின் யாரோட சேர்த்தி?' என்று கேட்டான்.
'உன்னோட.'
விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான்.
'அப்ப நான் மலிவு.'
சிரித்தான். ரோல்ஸுக்கும் அவனே காசு கொடுத்தான்.

உண்மையைச் சொன்னால்
எனக்கு வீடு மோதரை.
நங்கூரத்தில் ஆட்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு கூட.
கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன்,
சந்தோஷமாக, ஒரு கேக் துண்டோடு.
அவன் ஏலாது என்றிருப்பான்.
என்னுடைய ஓமும் அவனுடைய ஏலாதும்
ஒரே மேசையில்
யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தன.

இரண்டு மாதத்தில் லீக் ஆட்டம்,
என் பழைய மைதானத்தில்.
எழுபதாவது நிமிடம் பந்து என்னிடம் வந்தது.
மணி ஐந்து.
எதிரே நிஹ்மத், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
நான் சொல்லிக் கொடுத்த வெயில்.
உயர்த்தி அடித்திருக்கலாம்.
நிலத்தோடு அடித்தேன்; பிடித்துவிட்டான்.

எங்கள் பயிற்சியாளர் இன்னும் ஏசுகிறார்.
புல்லை மட்டும் குறை சொல்ல ஏலாது,
ஒரே மட்டமாக வெட்டியிருந்தார்கள்.